தண்ணீரின் பெயரால் ஒரு மலை

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகாத தோட்டத்துக் குடும்பம் வட மாநிலங்களில் அரிது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கி, பெர்ரியில் கடலைக் கடந்து, பந்தலுக்குப் பந்தல் மோர் குடித்து, காவடிக்குப் பின்னால் நடந்து, படியேறிக் கும்பிட்டு, பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமானும் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் வீடு திரும்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் அவர்களைக் கூப்பிட்டு, "அந்த மலைக்கு ஏன் தண்ணீர்மலை என்று பெயர்? அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒரு கணம் விழிப்பார்கள்.

காரணம் இருக்கிறது. தைப்பூசத்தன்று அங்கே மனிதத் தலைகள்தாம் தெரியும். உறுமியும் மேளமும்தாம் காதில் விழும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மூன்று பக்கமும் காடு. நடுவே பாறைகளுக்கிடையில் ஓடும் சிற்றாறு. அதன் தலைமாட்டில் ஓர் அருவி. அந்த அருவி இல்லாவிட்டால் அந்தக் கோயிலும் இல்லை. ஜார்ஜ் டவுன் நகரம் அவ்வளவு விரைவாக வளர்ந்திருக்கவும் முடியாது.

திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில் அங்கே போய்வர வேண்டும், வாசகர்களே! அப்போதுதான் அந்த இடம் நம்மோடு பேசும்.

மூன்று மொழியில் ஒரே பெயர்

ஆங்கிலேயர் அந்த வட்டாரத்தை 'வாட்டர்ஃபால்' என்றார்கள். மலாய்க்காரர்கள் ஆற்றுக்குச் 'சுங்கை ஆயர் தெர்ஜுன்' என்று பெயரிட்டார்கள். குதித்து விழும் நீரின் ஆறு என்று பொருள். நம்மவர்கள் 'தண்ணீர்மலை' என்றார்கள். மூவரும் வேறு வேறு மொழி பேசினாலும் கண்டது ஒன்றைத்தான். மலையிலிருந்து தண்ணீர் விழுகிறது!

இன்று அந்தச் சாலைக்கு 'ஜாலான் கெபுன் பூங்கா' என்று பெயர். மலாய் மொழியில் 'பூங்கா' என்றால் மலர். 'கெபுன்' என்றால் தோட்டம். தமிழ்க் காதுக்கு அது நம்முடைய பூங்காவாகவே கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும், பொருளும் பெரிதாக மாறவில்லை!

இந்தப் பெயர் கடல் தாண்டியும் போயிருக்கிறது. செட்டிநாட்டுப் பக்கம் போனால் 'தண்ணீர்மலை' என்று பெயர் கொண்ட ஆண்களைக் காணலாம். அங்கே அந்தப் பெயரில் மலை ஏதும் இல்லை. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்த முன்னோர் கும்பிட்ட முருகன் பெயரைப் பிள்ளைக்கு இட்டு, அது தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. பழனியின் பெயரும் திருச்செந்தூரின் பெயரும் தமிழகத்திலிருந்து இங்கே வந்தது நமக்குத் தெரியும். இங்கிருந்து ஊருக்குத் திரும்பிப் போன பெயர் இது.

பள்ளத்தாக்குக்குள்ளே

பட்டர்வொர்த் வரை ரயில் வருகிறது, அங்கிருந்து பெர்ரி. பழைய பெரிய வாகனப் பெர்ரிகள் 2020-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. 2023 முதல் புதிய பெர்ரிகள் ஓடுகின்றன. வாடகை பஸ் பிடித்து வருபவர்கள் 1985-இல் திறந்த முதல் பாலத்திலோ, 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்திலோ வரலாம். தீவை அடைந்த பின் கடற்கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். நகரச் சந்தடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சாலையின் இருபுறமும் பெருமரங்கள் கவிந்துகொள்ளும்போதே இடம் நெருங்கிவிட்டது என்று தெரிந்துவிடும்.

சாலை முடியும் இடத்தில் தாவரவியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ 29 ஹெக்டர் நிலம். 1884-ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் பொறுப்பேற்று இதை உருவாக்கினார். அதற்கு முன் அங்கே கருங்கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லுடைத்த பள்ளங்களைச் சமப்படுத்தி, பாதை போட்டு, உலகின் பல மூலைகளிலிருந்தும் செடி கொடிகளை வரவழைத்து நட்டார்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலேயர் பூங்கா வைத்தது அழகு பார்க்க மட்டும் அல்ல. எந்தச் செடி எந்த மண்ணில் வளரும், எதில் காசு வரும் என்று சோதித்துப் பார்க்கும் இடமும் அதுதான். நம் வாழ்க்கையையே மாற்றிய பால்மரம் இந்த மண்ணுக்கு வந்த வழியும் இதுவே. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. பட்டையை நாளுக்கு நாள் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி என்பவர் ஆராய்ந்து வகுத்தார். பிறகு நடந்தது நம் தாத்தா பாட்டிகளின் கதை. அதிகாலைப் பிரட்டு, தலைவிளக்கு, உளி, வாளி எல்லாமே ஒரு பூங்காவின் பாத்தியில் முளைத்தவை என்று சொன்னால் மிகையில்லை.

பூங்காவுக்குள் போனதும் நம் பெண்கள் முதலில் தேடிப் போகும் மரம் ஒன்று உண்டு. நாகலிங்க மரம்! அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவுக்குள் சிறு லிங்கம் போன்ற ஒரு குமிழ். அதன் மேல் படமெடுத்த நாகம் கவிந்ததுபோல் ஓர் இதழ். நம் ஊர்ச் சிவன் கோயில்களில் பார்த்த மரம் என்பதால் இது இந்திய மரம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் தாயகம் தென்னமெரிக்கா. அதன் கனி பீரங்கிக் குண்டு போல் உருண்டு பெருத்திருப்பதைப் பார்த்த வெள்ளைக்காரர் அதற்குக் குண்டின் பெயரை வைத்தார். அதே மரத்தின் பூவைப் பார்த்த தமிழர் லிங்கத்தைக் கண்டார். பார்க்கிற கண்ணில் இருக்கிறது எல்லாம்!

மரக்கிளைகளில் இரண்டு வகைக் குரங்குகள். வால் நீண்ட 'கெரா' துணிச்சல்காரன். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் பறித்துக்கொண்டு போய்விடும். மற்றொன்று 'லோத்தோங்'. கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி போட்டதுபோல் வளையம் இருக்கும், கூச்ச சுபாவம், இலைதழை தின்று உயர்ந்த கிளையிலேயே இருக்கும். அதன் குட்டி பிறந்தபோது ஆரஞ்சு நிறம். வளர வளரக் கறுக்கும். குரங்குக்குத் தீனி போடுவது அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. "அனுமாருக்குப் போடுகிறோம்" என்று வாழைப்பழம் நீட்டினால் புண்ணியத்துக்குப் பதில் தண்டம் கட்ட நேரும். தீனிக்குப் பழகிய குரங்கு காட்டுக்குத் திரும்பாது. பிறகு குழந்தைகளைக் கடிக்கும்.

பூங்காவின் உள்ளே போகப் போக ஆற்றின் சத்தம் கேட்கும். பாறையில் மோதி, வேர்களுக்கடியில் நுழைந்து, குளிர்ந்த நீர் ஓடுகிறது. அதன் மேற்கே, காட்டுக்குள், ஏறத்தாழ 400 அடி உயரத்திலிருந்து படிப்படியாக அருவி இறங்குகிறது. அங்கே நினைத்தபடி போக முடியாது. அது குடிநீர்ப் பிடிப்புப் பகுதி என்பதால் நீர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். "அருவியைப் பார்க்க முடியாதா?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் நம் கோயிலின் கதை இருக்கிறது.

நகரம் குடித்த தண்ணீர்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கி ஆங்கிலக் கொடியை ஏற்றினார். கப்பல்கள் வரத் தொடங்கின. மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வரும் கப்பலுக்கு முதல் தேவை என்ன? நல்ல தண்ணீர். மாலுமிகள் தேடிப் போன ஊற்றுக்கண்களில் இந்த அருவியும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலைநீரை வாய்க்கால் வழியாக நகரத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

நகரம் பெருத்தது, தாகமும் பெருத்தது. 1892-இல் அருவிக்குக் கீழே நீர்த்தேக்கம் கட்டினார்கள். ஒரு கட்டத்தில் இந்தப் பூங்காவுக்கே ஆபத்து வந்தது. பெரிய நீர்த்தேக்கம் ஒன்று அமைப்பதற்காக 1910-இல் பூங்கா நிலத்தை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். அது நடந்திருந்தால் நாகலிங்க மரம் நிற்கும் இடத்தில் இன்று நீர் தேங்கி நின்றிருக்கும். நல்ல வேளையாகத் திட்டம் கைவிடப்பட்டது. 1912-இல் பூங்கா மறுபடி பூங்காவாயிற்று.

கல் உடைப்பதும் மண் சுமப்பதும் குழாய் பதிப்பதும் யார் வேலை? அந்தக் காலப் பினாங்கில் சாலை போட்டவர்களில் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும், நகராட்சியில் கூலி வேலை செய்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். அருவியோரம் வேலை செய்த நம்மவர்கள்தாம் அங்கே முருகனுக்கு ஒரு சிறு கோயிலை எழுப்பி வழிபட்டார்கள் என்று முன்னோர் வழியாகச் செய்தி வழங்குகிறது. மேலே மலை, அருகில் அருவி, சுற்றிலும் காடு. தமிழன் அந்த இடத்தில் வேறு எந்தத் தெய்வத்தை நினைத்திருப்பான்?

மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் சேயோன் என்று வகுத்தது நம் இலக்கணம். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஒவ்வொரு படைவீடாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் பழமுதிர்சோலையின் மலை அருவியைப் பாடித்தான் நூலை முடிக்கிறார். இலங்கையின் கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் மூழ்கிய பிறகுதான் சந்நிதிக்குப் போகிறார்கள். முருகன் இருக்கும் இடத்தில் தண்ணீரும் இருக்கும் என்பது நம்மவர்களின் பழைய நம்பிக்கை. எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியும் அந்த நம்பிக்கையைத் தன் மூட்டையோடு கப்பலில் கொண்டுவந்தான்.

சாமி இடம் மாறினார்

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. கோயில் இருந்தது அருவியோரம். பூசத்துக்கு வருபவர்கள் அங்கேயே குளித்தார்கள், சமைத்தார்கள், தங்கினார்கள். அதே தண்ணீரைத்தான் கீழே நகரம் குடித்தது. கூட்டம் கூடக் கூட, நீர் அசுத்தமாகும் என்ற கவலை அதிகாரிகளுக்கு ஏற்பட்டது. வாந்திபேதிக்குக் கொத்துக் கொத்தாக மக்கள் சாவது சாதாரணமாக இருந்த காலம் அது. கோயிலை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

சாமியை நகர்த்துவது லேசான காரியமா? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். ஒரு வேப்பமரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிட ஆரம்பித்தால், அந்த இடத்தின் மண்ணே சாமி ஆகிவிடுகிறது. முதல் பிள்ளைக்கு முடி இறக்கியது அங்கே. கல்யாணத்துக்குப் பூ வைத்துக் கேட்டது அங்கே. "இடத்தை மாற்று" என்று எவர் சொன்னாலும் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

அந்தக் காலத்து மக்கள் அதைச் செய்தார்கள். அருவியை விட்டு வெளியே வந்து, பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் மலைச்சரிவில் பாலதண்டாயுதபாணிக்குக் கோயில் அமைத்தார்கள். 1915-ஆம் ஆண்டு வாக்கில் மலைக்கோயில் வழிபாடு நிலைபெற்றது. அருவி நகரத்தின் தாகத்துக்கு. மலை முருகனுக்கு என்று ஆயிற்று. ஒரு வகையில் பார்த்தால் நட்டம்தான். அருவிக்கரையில் நின்று வேலனைக் கும்பிடும் பேறு போய்விட்டது. இன்னொரு வகையில் பார்த்தால், ஊரார் குடிக்கும் நீரைக் காப்பதற்காக ஆண்டவனே வீடு மாறினார் என்று சொல்லலாம். அவர் பெயர் மட்டும் மாறவில்லை. தண்ணீரை விட்டு வந்த பிறகும் தண்ணீர்மலையான் என்றுதான் மக்கள் அழைக்கிறார்கள்.

அந்த மலைக்கோயில் பின்னாளில் மேலும் உயர்ந்தது. மலையுச்சியில் புதிய ஆலயம் கட்டி 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் குடமுழுக்குச் செய்தார்கள். அடிவாரத்திலிருந்து 513 படிகள். வயதானவர்கள் நின்று நின்று ஏறட்டும், அவசரம் என்ன? பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் மரத்தலைகளுக்கு மேலே நகரமும் அதற்கப்பால் கடலும் தெரியும். நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய கடல்! நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்களில் பலரை முதலில் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எத்தனையோ குடும்பங்களின் மலாயா வாழ்க்கை இந்தத் தீவுப் பக்கம்தான் தொடங்கியது.

வெள்ளி ரதமும் தங்க ரதமும்

மலைக்கோயிலுக்கு முன்பே அதே சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில் எழுந்துவிட்டது. 1850-களில் கட்டி 1857-இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. தேக்குத் தூண்களும் அகலமான மண்டபமும் செட்டிநாட்டு வீட்டை நினைவூட்டும். அங்கும் தண்டாயுதபாணிதான் மூலவர்.

1894-இல் காரைக்குடிப் பக்கத்துக் கைவினையில் உருவான வெள்ளி ரதம் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை, பினாங்குத் தெருவில் உள்ள கோயில் வீட்டிலிருந்து முருகன் அந்த ரதத்தில் ஏறுவார். பகலெல்லாம் ஊர்ந்து, தெருத்தெருவாக அர்ச்சனை வாங்கிக்கொண்டு, தண்ணீர்மலைக் கோயிலை அடைவார். பூசத்தன்று காவடி. மூன்றாம் நாள் மாலை ரதம் மறுபடி நகரத்துக்குத் திரும்பும்.

2017 முதல் தங்க ரதம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. குயின் தெருவில் 1833-இலிருந்து நிற்கும் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்துகொண்டு அது மலைக்கோயிலை நோக்கிப் போகிறது. மலைக்கோயிலை நடத்துவது பினாங்கு இந்து அறநிலைய வாரியத்தின் கீழுள்ள தேவஸ்தானம். அந்த வாரியத்துக்கு ஆணிவேர் 1906-ஆம் ஆண்டின் சட்டம். ஒன்றுக்கு இரண்டு ரதமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வட்டிக்கடை முதலாளி கட்டிய கோயிலும், கூலிக்காரர் கும்பிட்ட கோயிலும் ஒரே சாலையில் நிற்கின்றன. உள்ளே இருப்பவர் ஒருவர்தான் என்பது படியேறுபவனுக்குத் தெரியும்.

சாலையில் மலைமலையாகக் குவித்து உடைக்கும் தேங்காய்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு சீன அன்பர்கள் உடைப்பது. வேண்டுதல் பலித்தது என்று சொல்லி ஆண்டுதோறும் உடைக்கிறார்கள். சிலர் பால்குடமும் காவடியும் எடுக்கிறார்கள். தெய்வம் எந்த மொழியில் கேட்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. நாமும் யோசிப்பதில்லை.

மரத்தடித் தெய்வங்கள்

அந்தப் பள்ளத்தாக்கில் கோபுரம் உள்ள கோயில்கள் மட்டும் தெய்வீகம் என்று எண்ண வேண்டாம். பினாங்கில் மலைப்பாதை ஓரங்களிலும் பெரிய மரங்களின் அடியிலும் சிவப்பு வண்ணம் தீட்டிய சிறு மாடங்களைக் காணலாம். சீனர்கள் வணங்கும் 'டத்தோ கோங்'. அந்த மண்ணுக்குக் காவல் தெய்வம் என்பது நம்பிக்கை. உருவத்தைப் பார்த்தால் மலாய்ப் பெரியவர் போல் சொங்கோக் அணிந்திருப்பார். அவருக்குப் பன்றி இறைச்சி படைக்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கும் சுருட்டும் பூவும் வைப்பார்கள். வந்தேறிய மக்கள், மண்ணுக்குப் பழைய உரிமைக்காரரிடம் அனுமதி கேட்கும் மரியாதை அது.

நமக்கு இது புதிதா? தோட்டத்தின் எல்லையில், காடு தொடங்கும் இடத்தில், ஒரு கல்லும் அரிவாளும் வைத்து முனீஸ்வரரைக் கும்பிடுகிறோம். அவருக்கும் சுருட்டு உண்டு. ஒரு காட்டை வெட்டி உள்ளே போகிறவன், "ஐயா, இது உம்முடைய இடம், பிழைக்க வந்திருக்கிறோம், காப்பாற்றும்" என்று சொல்லிவிட்டுப் போவது எல்லா இனத்து ஏழைகளுக்கும் ஒரே பழக்கமாக இருந்திருக்கிறது. அந்தப் பயபக்தியால்தான் எத்தனையோ மரங்கள் கோடரிக்குத் தப்பி நிற்கின்றன.

2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் பினாங்கு மலையையும் அதைச் சுற்றிய காடுகளையும் கடற்பகுதியையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மொத்தம் 12,481 ஹெக்டர். நாம் சொல்லும் பூங்காவும் அதற்குள் அடக்கம். விஞ்ஞானிகள் பட்டியல் போட்டுக் காக்கச் சொல்வதை, சூலமும் சிவப்பு மாடமும் தம் வழியில் முன்பே சொல்லிவந்திருக்கின்றன.

ஆறு கீழே போய் என்ன ஆகிறது?

பூங்காவில் கண்ணாடிபோல் ஓடும் அந்தச் சிற்றாறு நகரத்துக்குள் நுழைந்து ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்கிறது. சேர்ந்த பின் அதற்குப் பெயர் சுங்கை பினாங்கு. கடலுக்குப் போகும் வழியில் வீட்டுக் கழிவும் கடைக் கழிவும் கலந்து கறுத்துப் போகிறது. காலையில் பள்ளத்தாக்கில் கால் நனைத்த நீரையே மாலையில் நகரத்துப் பாலத்தின் மேல் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். இடையில் இருப்பது சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரில் இருப்பவர்கள் நாமும் நம்மைப் போன்றவர்களும்தான்.

இன்று பினாங்கின் குழாயில் வரும் நீரில் பெரும்பகுதி, ஏறத்தாழ 80 விழுக்காடு, அருவியிலிருந்து வருவதில்லை. கெடா மாநிலத்திலிருந்து வரும் மூடா ஆற்றின் நீர் அது. சுங்கை பட்டாணி, கோலக்கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு மூடா ஆறு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இப்போது எண்ணிப் பாருங்கள். மருந்து அடித்து முடித்த பம்பைத் தோட்டத்து ஓடையில் கழுவினால், அந்த நஞ்சு ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடல் தாண்டிய தீவின் குழாய்க்கும் போகப் பார்க்கிறது. அதை வடிகட்டிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு எங்கோ ஒருவர் தலையில் விழுகிறது. அதற்கு முன்பே, அந்த ஓடையில் துணி துவைக்கும் தாயும் மீன் பிடிக்கும் சிறுவனும் பாதிக்கப்படுகிறார்கள். களைக்கொல்லி டின்னைக் கழுவி வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பதும் வேண்டாம். ஓடையில் வீசுவதும் வேண்டாம்.

திருவிழாவிலும் இதே கதைதான். தண்ணீர்ப் பந்தலில் தாகம் தீர்ப்பது நம் மரபின் அழகு. ஆனால் குடித்த கோப்பையைக் கால்வாயில் எறிந்தால், மழை வந்ததும் அது ஆற்றில் போய்ச் சேரும். தண்ணீரைக் காக்க ஒரு காலத்தில் கோயிலையே மாற்றிக்கொண்ட இடத்தில், நாம் ஒரு கோப்பையைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோக மாட்டோமா?

தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு பாடம்

இந்த மலையின் கதையில் தோட்டத்து மக்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அருவியோரத்துச் சிறு கோயில் இடம் மாற நேர்ந்தபோது அது அழிந்துபோகவில்லை. வேறு இடம் கிடைத்தது. மக்கள் கூட்டாக நின்றார்கள். பிற்காலத்தில் சட்டப்படி அமைந்த வாரியத்தின் கவனிப்பும் சேர்ந்தது. அதனால்தான் நூறு ஆண்டு கழித்தும் அங்கே கற்பூரம் எரிகிறது.

நம் தோட்டத்துக் கோயில்கள் பலவற்றின் நிலை அப்படி இல்லை. கங்காணி காலத்தில் துரையின் வாய்ச்சொல்லை நம்பிக் கட்டியவை அவை. நிலம் தோட்டத்தின் பெயரில். கோயில் நம் மனத்தில். தோட்டம் கைமாறும்போது, செம்பனை போய் வீடமைப்பு வரும்போது, மாரியம்மன் நிற்கும் இடம் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. அப்போது கண்ணீரும் கோபமும் மட்டும் உதவுவதில்லை. கையில் ஏடு இருந்தால்தான் பேச முடியும்.

ஆகையால் உங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேளுங்கள். கோயில் எந்த நிலத்தில் இருக்கிறது? அதற்குக் கிராண்டு இருக்கிறதா? நிர்வாகம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? நிலத்தைப் பற்றித் தோட்டம் எப்போதாவது எழுதிக் கொடுத்த கடிதம் எங்கே? திருவிழா கணக்கைப் போலவே இந்தக் காகிதங்களும் கோயிலின் சொத்து. பழைய படங்களையும் ரசீதுகளையும் தேடி எடுத்து, நகல் செய்து, இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். இடம் மாற வேண்டிய நாள் வந்தால், தண்ணீர்மலையான் மாதிரி நம் சாமியும் மதிப்போடு மாற வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறையில் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறுமுன் பூங்காவைச் சுற்றி முடிக்கலாம். உணவுப் பையை மூடியே வைத்திருங்கள். குரங்குகளின் கண் அதன் மேல்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு நாகலிங்க மரத்தைக் காட்டுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம், கீழே விழுந்ததை எடுத்துப் பிரித்துக் காட்டலாம். ஆற்றோரப் பாறைகள் வழுக்கும். மலையில் மழை பெய்தால் நீர் திடீரென்று ஏறும். வானம் கறுத்தால் கரையில் நிற்கக் கூடாது.

பிறகு செட்டியார் கோயிலையும் அடிவாரத்துப் பிள்ளையாரையும் தரிசித்து, மெதுவாக மலை ஏறுங்கள். கூட்டம் இல்லாத நாளில் சந்நிதியில் நின்று நிதானமாகக் கும்பிடலாம். படியில் காற்று வீசும். கொஞ்சம் உட்கார்ந்து, இந்தக் கோயில் முதலில் எங்கே இருந்தது, ஏன் இங்கே வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாட்டி இருந்தால் பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த கதை எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

வீடு திரும்பிக் குழாயைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் பிடிக்கும்போது, அது எந்த மலையில் விழுந்து, எந்தக் காட்டில் ஊறி, யார் யார் கைபட்டு வந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர்மலையானுக்கு அதைவிடச் சிறந்த அர்ச்சனை இல்லை.